ஊரே அடங்கினாலும் இடுப்பு வலி காத்திருக்காது

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: பெருந்தொற்று பரவுகிறது, ஊரடங்கு போட்டாயிற்று. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் இருப்பதே நாலைந்து பேர், அதிலும் பாதிப் பேரைத் தொற்றுப் பணிக்கு அழைத்துக்கொண்டார்கள். கர்ப்பிணிகள் வரப் பயப்படுகிறார்கள். இந்த நிலையில் தாய், சேய் நலச் சேவைகளில் எதை நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது, மிச்சத்தை எப்படி நடத்துவது?

எதை முக்கியம் என்று பட்டியல் போடுவது என யோசித்தால் எல்லாமே முக்கியமாகத்தான் தெரியும். ஒவ்வொரு சேவையையும் எடுத்து, "இது எவ்வளவு நேரம் காத்திருக்கும்?" என்று கேளுங்கள். சில வேலைகள் மணிக்கணக்குக்குள் முடிந்தாக வேண்டும். சில நாட்களுக்குள், சில வாரங்களுக்குள். மணிக்கணக்கு வேலைக்கான கதவை எந்த ஊரடங்கிலும் மூடக்கூடாது. நாள்கணக்கு வேலையை நாம் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வாரக்கணக்கு வேலையைத் தள்ளலாம், ஆனால் எந்த நாளுக்கு என்று எழுதி வைத்துவிட்டுத்தான் தள்ள வேண்டும்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் 2014-15இல் எபோலா என்ற கொடிய தொற்றுநோய் பரவியபோது அந்த நோயால் மட்டும் சுமார் 3,950 பேர் இறந்தார்கள். அதே காலத்தில் பெண்கள் மருத்துவமனைக்கு வருவது குறைந்ததால், தாய் இறப்பு, பச்சிளங்குழந்தை இறப்பு, இறந்தே பிறத்தல் மூன்றும் சேர்ந்து குறைந்தது 3,600 கூடுதலாக நடந்திருக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். நோய் கொன்றதற்குக் கிட்டத்தட்டச் சமமாக, சேவை நின்றுபோனதும் கொன்றிருக்கிறது. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கில் 2018 முதல் 2020 வரை நீடித்த எபோலாவில் ஏறக்குறைய 2,300 பேர் இறந்தார்கள். உலகத்தின் கண் முழுவதும் அங்கே இருந்தபோது, அதே நாட்டில் தட்டம்மை 6,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அவர்களில் பெரும்பாலோர் சின்னப் பிள்ளைகள்.

கோவிட் காலத்திலும் இதே கதைதான். நேபாளத்தில் ஒன்பது மருத்துவமனைகளை 2020 ஊரடங்குக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அங்கே நடக்கும் பிரசவங்கள் பாதிக்கும் கீழே குறைந்திருந்தன. பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 13ஆக இருந்த இறப்பு 40ஆகியிருந்தது. வந்தவர்களில் சிக்கலோடு வந்தவர்களின் பங்கு கூடியதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியானாலும், சிக்கல் முற்றிய பிறகுதான் வந்தார்கள் என்பதே அதன் பொருள். நல்ல சேதி ஒன்றும் அதில் உண்டு: பணியாளர்கள் கை கழுவும் பழக்கம் கூடியிருந்தது. பயம் நல்லதையும் கற்றுக்கொடுக்கும், அதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, மணிக்கணக்கு வேலைக்கு வருவோம். பிரசவத்துக்குப் பிறகு பெரும் இரத்தப்போக்கு வந்தால், சிகிச்சை இல்லாமல் இரண்டு மணி நேரத்திலேயே ஒரு தாயை இழந்துவிடலாம். பிறந்த குழந்தை மூச்சு விடவில்லை என்றால் நம் கையில் இருப்பது ஒரு நிமிடம். பேறுகால வலிப்பு, குறுக்கே திரும்பிய குழந்தை, பனிக்குடம் உடைந்து காய்ச்சல் கண்ட தாய், இவை எதுவும் "அடுத்த வாரம் வாருங்கள்" என்பதைத் தாங்காது. ஆகவே பிரசவ அறை 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். அதற்குத் தனி வாசல் வேண்டும், தொற்று நோயாளிகள் வரும் வழியோடு அது கலக்கக் கூடாது. அங்கே வேலை செய்யும் மருத்துவச்சியையும் செவிலியரையும் தொற்று வார்டுக்கு மாற்றி மாற்றி அனுப்பக் கூடாது. ஆள் பற்றாக்குறையில் முதலில் கை வைக்கப்படுவது பெரும்பாலும் இந்தப் பிரசவக் குழுவில்தான். "இன்றைக்குப் பிரசவம் ஒன்றும் இல்லையே" என்று சொல்லி அழைத்துப் போவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வலியெடுத்து ஒருத்தி வந்து நிற்கும்போது யாரும் இருக்க மாட்டார்கள். இதில் விட்டுக்கொடுக்காமல் பேசுங்கள்.

தாய் இறப்புகளை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்ற இருவர் 1994இல் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள். போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை தொடங்குவதில் தாமதம். பெருந்தொற்று இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் நீட்டிவிடும். "ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்று ஒட்டிக்கொள்ளும்" என்ற பயம் முதல் தாமதம். வண்டி இல்லை, வழியில் தடுப்பு, ஆம்புலன்ஸ் எல்லாம் தொற்று நோயாளிகளுக்குப் போய்விட்டது என்பது இரண்டாவது. "பரிசோதனை முடிவு வந்த பிறகு உள்ளே வாருங்கள்" என்பது மூன்றாவது.

மூன்றாவதைச் சரிசெய்வது நம் கையிலேயே இருக்கிறது. வலியோடு வருகிற ஒவ்வொருவருக்கும் தொற்று இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, முகக்கவசம், கையுறை, அங்கி, கண் காப்பு போட்டு உடனே பாருங்கள். பரிசோதனை பக்கத்தில் நடக்கட்டும், அதன் முடிவுக்காகப் பிரசவம் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவதற்கு முன்னேற்பாடு வேண்டும். எட்டாம் மாதம் தொடும்போதே ஒவ்வொரு கர்ப்பிணி வீட்டிலும் இரண்டு வண்டிக்காரர்களின் எண், சுகாதார நிலையத்தின் எண், வழித் தடுப்பில் காட்டக் கையெழுத்திட்ட ஒரு சீட்டு, இரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கும் உறவினர் பெயர் எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். ஒரு வண்டியையாவது பிரசவத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வையுங்கள். தூரத்துக் குடியிருப்பில் இருப்பவர்கள், முன்பு அறுவைச் சிகிச்சை ஆனவர்கள், இரட்டைக் கரு உள்ளவர்கள் ஆகியோரைக் கடைசி இரண்டு வாரமாவது மருத்துவமனைக்கு அருகில் தங்கவைக்க வழி பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு சிலருக்கு வீட்டிலேயே பிறந்துவிடும். அதை ஒப்புக்கொண்டு அதற்கும் தயாராவதுதான் நேர்மை. 2020இல் 118 நாடுகளுக்கு ஒரு மதிப்பீடு செய்தார்கள். சேவைகள் ஓரளவு குறைந்தாலே ஆறு மாதத்தில் 2,53,500 குழந்தைகளும் 12,200 தாய்மார்களும் கூடுதலாக இறக்கலாம். மிக மோசமாகக் குறைந்தால் 11,57,000 குழந்தைகள், 56,700 தாய்மார்கள். இது முன்கணிப்புதான், எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல. ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறொன்று: கூடுதல் தாய் இறப்புகளில் ஏறத்தாழ 60 சதவீதம் நாலே நாலு விஷயங்கள் கிடைக்காமல் போவதால் வரும் என்று அந்தக் கணக்கு சொன்னது. கருப்பை சுருங்க மருந்து, கிருமிக்கொல்லி ஊசி, வலிப்பைத் தடுக்கும் மருந்து, சுத்தமான பிரசவ இடம். இந்த நாலையும் காப்பாற்றுவது எந்தச் சிறு நிலையத்துக்கும் முடியாத காரியம் அல்ல.

கருப்பை சுருங்க முதல் தேர்வு ஆக்ஸிடோசின் ஊசி, 10 யூனிட். அது 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். மின்சாரமோ போக்குவரத்தோ தடைபட்டால் அதன் வீரியம் போய்விடும், பார்த்தால் தெரியாது. வெப்பம் தாங்கும் கார்பிடோசின் கிடைத்தால் நல்லது. இரண்டும் இல்லாத இடத்தில் மிசோப்ரோஸ்டால் மாத்திரை இருக்கிறது. 200 மைக்ரோகிராம் மாத்திரை மூன்று, மொத்தம் 600, வாய் வழியாக. இதைப் பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2012லேயே சொல்லிவிட்டது. மருத்துவமனைக்கு வரவே வழியில்லாத பெண்களுக்கு முன்கூட்டியே கையில் கொடுத்து வைப்பதும் உண்டு. அப்படிக் கொடுத்தால் யாருக்குக் கொடுத்தோம், பயன்பட்டதா, மிச்சம் திரும்பி வந்ததா என்று கணக்கு இருந்தாக வேண்டும். ஒன்றை மட்டும் பத்து முறை சொல்லிக்கொடுங்கள்: குழந்தை பிறந்த பிறகுதான் சாப்பிட வேண்டும், வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்த பிறகுதான். முன்னதாகச் சாப்பிட்டால் கருப்பையே கிழிந்துபோகும் ஆபத்து இருக்கிறது. பக்கத்தில் நிற்கப்போகிற மாமியாரோ அக்காவோ அதைத் திருப்பிச் சொல்லும்வரை அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட். முழுச் சிகிச்சை தர வசதி இல்லாவிட்டாலும் முதல் டோஸைக் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கொடுக்காமல் அனுப்புவதுதான் தவறு.

நாள்கணக்கு வேலை என்றால் பிறந்த குழந்தை. பச்சிளங்குழந்தை இறப்புகளில் பெரும்பங்கு முதல் வாரத்தில், அதிலும் நிறைய முதல் நாளிலேயே நடக்கிறது. தொற்றுப் பயத்தில் தாயையும் சேயையும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவதால், அந்த ஆபத்தான வாரம் முழுவதும் நம் கண்ணில் படாமல் போய்விடுகிறது. ஆகவே முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று மூன்று முறை யாராவது போய்ப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் போக முடியாவிட்டால் வாசலில், காற்றோட்டத்தில், முகக்கவசத்தோடு. பத்து நிமிடம் போதும். பால் குடிக்கவில்லை, தட்டினாலும் அசைவு குறைவு, மூச்சு வேகம், நெஞ்சு உள்வாங்குகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது அல்லது சுடுகிறது, வலிப்பு, உள்ளங்கால்வரை மஞ்சள், தொப்புளைச் சுற்றிச் சிவப்பு. இதில் ஒன்று இருந்தாலும் அன்றே அனுப்ப வேண்டும். அனுப்பவே முடியாத சூழலில், தகுந்த பயிற்சி உள்ளவர் அருகிலேயே அமாக்சிசிலினும் ஜென்டாமைசின் ஊசியும் தரும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்துக் கொடுத்திருக்கிறது. ரொம்பவும் மோசமாக இருக்கும் குழந்தைக்கு அது போதாது, எப்படியாவது கொண்டுபோகத்தான் வேண்டும்.

தாய்க்குத் தொற்று என்றால் குழந்தையைப் பிரிப்பதா? கோவிடின் தொடக்கத்தில் பல இடங்களில் பிரித்தார்கள். எனக்கு மிகவும் வலித்த முடிவு அது. கோவிட் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை ஆரம்பத்திலிருந்தே தெளிவாக இருந்தது: தாய் முகக்கவசம் போட்டு, கை கழுவி, குழந்தையைப் பக்கத்திலேயே வைத்துத் தாய்ப்பால் கொடுக்கலாம். குறைமாதக் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோல் படச் சேர்த்து வைக்கும் கங்காரு முறைக்கு 2021இல் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்த முறை எல்லோருக்கும் கிடைத்தால் 1,25,000க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் பிழைக்கும். அப்படிச் சேர்த்து வைப்பதால் தொற்று வந்து இறக்கக்கூடியவை 2,000க்கும் குறைவு. எபோலா போன்ற நோய்களுக்கு இது பொருந்தாது, அங்கே விதி வேறு. அதனால் புது நோய் ஒன்று வரும்போது "தாயிடமிருந்து குழந்தைக்கு எப்படிப் பரவுகிறது" என்ற கேள்விக்கு முதலில் பதில் தேடுங்கள். பதில் தெரியாமல் பிரிப்பதும் ஒரு சிகிச்சைதான், அதற்கும் பக்கவிளைவு உண்டு.

வாரக்கணக்கு வேலைகளில்தான் நமக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது. கர்ப்பகாலத்தில் எட்டு முறை சந்திக்க வேண்டும் என்பது 2016 முதல் உள்ள பரிந்துரை. எட்டும் நேரில்தான் நடக்க வேண்டும் என்று இல்லை. முதல் சந்திப்பு நேரில், அதிலேயே இரத்தப் பரிசோதனை, ரணஜன்னி ஊசி, முடிந்தால் 24 வாரத்துக்குள் ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே வருகையில் முடித்துவிடுங்கள். இடையில் ஒன்றிரண்டைத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை மூன்று மாதத்துக்குச் சேர்த்தே கொடுங்கள். ஆனால் பிரஷர் பார்ப்பதைத் தொலைபேசியில் செய்ய முடியாது. கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் 20 வாரத்துக்குப் பிறகு தலைகாட்டும், கடைசி மூன்று மாதத்தில் கூடும், பல நேரம் எந்த அறிகுறியும் இருக்காது. ஆகவே ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு கிராமப் பணியாளர் கையில் தானியங்கி பிரஷர் கருவி ஒன்று இருந்தால், கடைசி மாதங்களில் பல பயணங்களை மிச்சப்படுத்தலாம். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகம் கை வீக்கம், குழந்தை அசைவு குறைதல், இரத்தக் கசிவு என்றால் எந்த நாளாக இருந்தாலும் வரச் சொல்லுங்கள்.

தொலைபேசி என்றதும் ஒரு விஷயம். கிராமங்களில் பல வீடுகளில் போன் கணவர் கையிலோ மகன் கையிலோ இருக்கும். அனுப்பிய குறுஞ்செய்தி அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது என்று நம்பிவிடாதீர்கள். குரலில் பேசுங்கள், அவளிடமே பேசக் கேளுங்கள். ஊரடங்கில் வீட்டுக்குள் அடி உதை கூடுகிறது. அவள் "ஆம்", "இல்லை" என்று மட்டுமே பதில் சொல்லும்படி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

தடுப்பூசியும் பெரும்பாலும் வாரக்கணக்கு வேலைதான், ஆனால் அதில் தள்ளிப்போட்ட வாரங்கள் மாதங்களாவது மிகச் சுலபம். 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் பெருந்திரள் முகாம்களை மட்டும் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னது, வழக்கமான தடுப்பூசிகளைத் தொடரச் சொன்னது. களத்தில் பல இடங்களில் இரண்டுமே நின்றன. தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசியின் மூன்றாம் தவணை 2019இல் உலகக் குழந்தைகளில் 86 சதவீதத்துக்குக் கிடைத்தது, 2021இல் 81 ஆனது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 2.5 கோடிக் குழந்தைகள் மூன்று தவணையையும் முடிக்கவில்லை. அவர்களில் 1.8 கோடிப் பேருக்கு முதல் ஊசிகூடக் கிடைக்கவில்லை. தட்டம்மை ஒருவரிடமிருந்து எதிர்ப்பு இல்லாத 12 முதல் 18 பேருக்குப் பரவும். அது இந்த இடைவெளிக்காகவே காத்திருக்கும் நோய்.

தடுப்பூசிக்கு வரவழைப்பதால் கோவிட் பரவாதா என்ற நியாயமான கேள்விக்கும் கணக்கு உண்டு. ஆப்பிரிக்க நாடுகளுக்காக 2020இல் செய்த ஆய்வில், தடுப்பூசி நிலையத்துக்கு வந்துபோவதால் ஏற்படக்கூடிய ஒரு கோவிட் மரணத்துக்கு எதிராக 84 குழந்தைகளின் மரணம் தடுக்கப்படும் என்று வந்தது. அதிக கொடிய நோயாக இருந்தால் இந்தத் தராசு மாறும், அப்போதும் எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும், பயத்தில் மூடக் கூடாது. நடத்தும் விதத்தில் நிறையச் செய்யலாம். திறந்த வெளியில், மரத்தடியில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பிள்ளைகள் என்று நேரம் கொடுங்கள். குழந்தையோடு ஒருவர் மட்டும். அன்றைக்கே தாய்க்குப் பிரஷர், குழந்தைக்கு எடை எல்லாம் முடியட்டும், ஒரு நடைக்கு நாலு வேலை. பிரசவமான இடத்திலிருந்து கிளம்பும் முன்பே பிறப்புத் தவணைகளைப் போட்டு அனுப்புங்கள். மஞ்சள்காமாலை பி தடுப்பூசி 24 மணி நேரத்துக்குள் என்பதால் அது வாரக்கணக்கு வேலையே அல்ல. விட்டுப்போன பிள்ளைகளின் தாய்மார்களுக்கு ஒரு சேதி அவசியம் போய்ச் சேர வேண்டும்: தாமதமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். "திட்டுவார்கள்" என்று வராமல் இருக்கும் தாய்மார்கள் நிறையப் பேர். திட்டாதீர்கள்.

ஊட்டச்சத்தில் தாயின் கையிலேயே வேலையைக் கொடுக்கலாம். மேல்கைச் சுற்றளவு அளக்கும் வண்ண நாடாவை ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்து, அளக்கச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைக்கு 115 மில்லிமீட்டருக்குக் கீழே, அதாவது சிவப்பில் வந்தால் உடனே தகவல். கோவிட் வரும் முன்பே இது சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தது. ஓஆர்எஸ் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் வீட்டிலேயே இருக்கட்டும். துத்தநாகம் 10 முதல் 14 நாள், வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் முடிக்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைகளையும் அப்படியே மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவையும் செய்யப்போவது யார்? கிராமப் பணியாளர்தான், பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்தான். எபோலாவில் மருத்துவப் பணியாளர்கள் அதிகமாக இறந்த மூன்று நாடுகளை வைத்து, அந்த இழப்பாலேயே தாய் இறப்பு எவ்வளவு கூடும் என்று கணக்கிட்டார்கள். கினியாவில் 38 சதவீதம், சியரா லியோனில் 74, லைபீரியாவில் 111. ஒரு மருத்துவச்சியைத் தொற்றுக்குப் பலிகொடுத்தால், அவர் பார்த்திருக்கக்கூடிய அத்தனை பிரசவங்களும் கேள்விக்குறியாகும். எனவே முகக்கவசமும் கையுறையும் பெரிய மருத்துவமனைக்குப் போய் மிஞ்சினால் கிராமத்துக்கு என்பது தலைகீழான வரிசை. தொற்று வீடுகளைக் கணக்கெடுக்கும் வேலையையும் பச்சிளங்குழந்தையைப் பார்க்கும் வேலையையும் ஒரே பெண்ணிடம் கொடுக்காதீர்கள். அவருக்கும் அது ஆபத்து, அவரை வாசலில் பார்த்ததுமே கதவைச் சாத்துவார்கள். இரண்டு பேர் இருந்தால் வேலையைப் பிரியுங்கள். ஒருவர்தான் என்றால் காலையில் பச்சிளங்குழந்தைகள், மற்றதெல்லாம் அப்புறம். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம் கொடுங்கள், கைதட்டல் போதாது.

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றால், நாளைக் காலை கர்ப்பிணிப் பதிவேட்டை எடுங்கள். அடுத்த ஆறு வாரத்தில் பிரசவத் தேதி உள்ளவர்களின் பெயரைத் தனித் தாளில் எழுதுங்கள். கடந்த 28 நாளில் பிறந்த குழந்தைகளின் பெயரை அதன் கீழே எழுதுங்கள். சிறு நிலையம் என்றால் முப்பது, நாற்பது பெயருக்கு மேல் இருக்காது. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் யார் பார்க்கப் போகிறார், எந்த வண்டி, எந்த எண் என்று நிரப்புங்கள். கட்டம் காலியாக இருப்பவர்களில் யாருக்கு முதலில் பிரசவமாகப் போகிறதோ, அவர் வீட்டுக்கு முதல் அழைப்பைப் போடுங்கள்.